பன்னிரண்டு சொம்புத் தண்ணீர்

ஒரு அரசாங்கக் கோப்பில் என் பெயருக்கு நேரே ஒரு பொய் எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவள், அதில் பாதி நாள் காஞ்சிபுரத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தே கழித்தவள், இதை இத்தனை நாள் வெளியே சொன்னதில்லை. போன மாதம் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியை ஒருத்தி, கையில் அடங்குகிற மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அதைத் தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று எண்ணாகவே காட்டிவிடும். ஒரு தெருவில் பத்து வீட்டுத் தண்ணீரைச் சோதித்தாளாம், பத்தும் ஒரே அளவாம். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்கோ பத்தும் ஒரே அளவு என்றதுமே சந்தேகம். தண்ணீரை யார் பிடித்துக் கொடுத்தது என்று கேட்டேன். வீட்டுக்காரங்கதான் மேடம், ரொம்ப நல்லவங்க என்றாள். அந்த 'ரொம்ப நல்லவங்க'வைக் கேட்டதும் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்துச் சொன்ன கதை இது.

நான் படித்த கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஓரிக்கைக்குப் பக்கத்தில் காலனி வீடு. அப்பா சர்ச்சில் மணியடிப்பார், அம்மா கழனி வேலைக்குப் போவாள். உதவித்தொகையில் படித்தேன். முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருஷம் ஒரு கோபால்ட் உப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். உலகத்தில் அந்த உப்பின் மேல் அக்கறை உள்ள ஒரே ஜீவன் நான்தான் என்று தெரிந்த அன்று, இனிமேல் நாலு பேருக்கு ஆகிற எதையாவது சோதிப்பது என்று முடிவு பண்ணினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்லூரி வேலை கிடைத்தது. எஸ்தர் மேடம் ஆனேன்.

துறைத்தலைவர் வீரராகவன் சார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றி நிறையத் திருமண், வெள்ளைவெளேர் வேட்டி, அதன் மேல் லேப் கோட்டு. கல்லூரியில் வேறு யாருக்கும் இந்தச் சேர்மானம் வராது. வெளியில் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்க மாட்டார். வீட்டிலிருந்து மூடி போட்ட செப்புச் சொம்பு ஒன்று கூடவே வரும். அது மேஜை மேல் வலப்பக்கம் இருக்கும், அதற்குப் பக்கத்தில் எங்கள் யார் கையும் போகாது. மற்றபடி தங்கமான மனுஷர். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தப்புப் பண்ணினால் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பார், அது அதட்டலைவிட மோசம்.

அவருக்கு ஒரு பித்து உண்டு. பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனையை மூன்று முறை செய்து, மூன்றும் ஒரே அளவாக வந்தால்தான் அதை அளவு என்று ஒத்துக்கொள்வார். காலையில் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் "ஒத்துப் போச்சா?" என்றுதான் கேட்பார். ஒத்துப் போனால் கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு கற்கண்டு எடுத்துத் தருவார். கோட்டுப் பையில் அமிலம் இருந்ததா, சுண்ணாம்பு இருந்ததா என்றெல்லாம் கேட்கக்கூடாது, வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளங்கையில் தூக்கிப் போடுவார், விரல் படாது. மாணவர்களுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். அதனால் அதைப் பற்றி நான் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் குடிநீர் கொடுக்கிற ஆபீஸ் ஒன்றிலிருந்து எங்கள் துறைக்குக் கடிதம் வந்தது. ஆபீஸின் பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கு அங்கே இன்னும் வேலை இருக்கிறது. பாலாற்றிலிருந்து வரும் குழாயை ஊருக்குள் இன்னும் சில தெருக்களுக்கு நீட்டப் போகிறார்கள். பட்டறைத் தெரு மக்கள் மனுப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க லாயக்கா இல்லையா என்று சோதித்துச் சொல்லவும். லாயக்கில்லை என்றால் குழாய்.

பட்டறைத் தெருவில் பாதி வீடு சாயப் பட்டறை, பாதி வீடு தறி. பட்டு நூலை வேகவைத்த தண்ணீரும் சாயம் அலசின தண்ணீரும் பல வருஷமாக அந்த மண்ணிலேயே இறங்கிக்கொண்டிருந்தன. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோறு மஞ்சளாகும், வாயில் வைத்தால் கரிக்கும். பெண்கள் இரண்டு தெரு தாண்டிப் போய், யாரோ வீட்டுக் கிணற்றில் அவர்கள் முணுமுணுப்பை எல்லாம் கேட்டுக்கொண்டு குடம் தூக்கி வருவார்கள். மூக்குள்ளவர்கள் யாருக்கும் அந்தத் தண்ணீரைச் சோதிக்கவே வேண்டாம். ஆனால் ஆபீஸுக்கு மூக்கு கிடையாது, அதற்குத் தாளில் எண் வேண்டும். அந்த எண்ணைக் கொண்டுவரும் வேலையைச் சார் என்னிடம் விட்டார்.

முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்குக் காலையில் பன்னிரண்டு வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருகிறேன் என்று. அதுதான் நான் செய்த முதல் கோளாறு.

மறுநாள் போனால் தெருமுனையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வாசலெல்லாம் சாணி தெளித்துப் பெரிய கோலம். பெண் பார்க்க வந்தவர்களைப் போல என்னை உட்காரவைத்தார்கள். பச்சையம்மாள் என்று ஒரு அம்மா, சாயக்காரர் கோதண்டத்தின் மனைவி, அந்தத் தெருவுக்கு அவள்தான் ஆபீஸ். கிணறு பின்கட்டில் இருக்குதுங்கம்மா, நடுவில தறி, நடையெல்லாம் ஈரச் சாயநூல் தொங்குது, உங்க வெள்ளைப் பொடவை வீணாப் பூடும், நீங்க உக்காருங்க நாங்களே எடுத்தாறோம் என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு வீட்டிலிருந்தும் பன்னிரண்டு பித்தளைச் சொம்பு வந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று. ஒவ்வொரு பெண்ணும் இரண்டு கையாலும் சொம்பை நீட்டினாள். நானும் ரொம்ப ஒழுங்கு. ஒவ்வொரு பாட்டிலையும் அந்தந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசினேன், குமிழி இல்லாமல் நிரப்பினேன், வீட்டு எண், நேரம் எல்லாம் எழுதி ஒட்டினேன். வகுப்பில் நான் சொல்லிக் கொடுக்கிற பத்து விதியில் ஒன்பதை அட்சரம் பிசகாமல் செய்தேன். முதல் விதியை மட்டும் விட்டேன்: எடுக்க வேண்டியவரே எடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் பாட்டில்களை வரிசையாக வைத்தேன். தண்ணீரில் நிறம் காட்டுகிற மஞ்சள் கரைசல் கொஞ்சம் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உப்பெல்லாம் தீர்ந்த அடுத்த சொட்டில் மஞ்சள் செங்கல் சாயலுக்குத் திரும்பும். எத்தனை மில்லி செலவானதோ அதுதான் உப்பின் கணக்கு. முதல் வீடு, நாலு புள்ளி இரண்டு. இரண்டாம் வீடு, நாலு புள்ளி இரண்டு. பன்னிரண்டாவது வீடும் நாலு புள்ளி இரண்டு. பாலாற்று ஊற்றுத் தண்ணீரைப் போல அருமையான தண்ணீர்.

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சார் வந்து தாளைப் பார்த்தார், அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பன்னிரண்டு அளவு இப்படி ஒத்துப் போய் அவர் ஆயுசில் பார்த்ததில்லையாம். மாணவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அன்றைக்கு எனக்கு இரண்டு கற்கண்டு. தெரு நாறுகிறதே சார் என்று நான் இழுத்தேன். மேலே சாக்கடை நாறலாம், கீழே ஊற்று நன்றாக இருக்கலாம், மூக்கை நம்பக்கூடாது, பியூரெட்டை நம்ப வேண்டும் என்றார். பட்டறைத் தெருத் தண்ணீர் குடிக்க மிகவும் உகந்தது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை, பட்டறைத் தெரு மொத்தமும் எங்கள் துறை வாசலில் நின்றது. முன்னால் பச்சையம்மாள். தெருவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். திங்கட்கிழமை பட்டியல் முடிவாகிறது, இப்போது விட்டால் மறுபடி எந்தக் காலத்திலோ. கோபத்தில் அவள் பேச்சிலிருந்த 'ங்க' எல்லாம் உதிர்ந்து போயிருந்தது.

"என்னாமா இது? எங்க தெருத் தண்ணி நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டியாமே?"

நீங்கள் கொடுத்த தண்ணீரைத்தானே சோதித்தேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு பார்வையில் போயிற்று.

"பின்ன? நம்மள நம்பி வாசல் வரிக்கும் வந்த பொம்பளைக்கு அந்தத் தண்ணியவா சொம்புல மொண்டு குடுப்போம்? எங்க வூட்டுக்காரரு விடியக்காத்தால சைக்கிள்ள ஓரிக்கைக்குப் போயி, ஆத்துல ஊத்து தோண்டி ரெண்டு கேன் புடிச்சிக்கினு வந்தாரு. அதத்தான் பன்னெண்டு வூடும் பங்கு போட்டுக் குடுத்தோம்."

பின்னாலிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவர்களுக்கு இதில் கொஞ்சங்கூடக் குற்ற உணர்ச்சி இல்லை. தண்ணீர் கெட்டது என்பது ஊருக்கே தெரியும், டீச்சரம்மாவுக்கும் தெரியும், தாளில் அதைத்தான் எழுதப் போகிறாள். அதற்காகக் கையில் கொடுக்கும்போது நல்லதாகக் கொடுக்காமல் எப்படி? பன்னிரண்டும் ஏன் ஒத்துப் போயின என்று இப்போது தெரிந்துவிட்டது. பாலாற்று ஊற்றுத் தண்ணீரைப் போல இருந்தது என்றேனே, நான் பிறந்த ஊர்த் தண்ணீர்தான் அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபப்படவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக ஒரே கேள்வி கேட்டார்.

"நீங்க ஏன் கிணத்துல எடுக்கலை?"

புடவை வீணாகும் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனுஷரிடம் பொய் சொன்னால் மூன்று முறை சொல்லச் சொல்வார், மூன்றும் ஒத்துப் போகாது. உண்மையைச் சொன்னேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவோடு கழனிக்குப் போவேன். தாகம் என்று வீட்டு வாசலில் நின்றால் இரண்டு கையையும் குவித்துக் குனிய வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். சொம்பு எங்கள் கைக்கு வராது. அன்றைக்குப் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் தேய்த்த சொம்பை என் கையில் கொடுத்தார்கள் சார், எனக்குத் தலைகால் புரியவில்லை, கிணறு மறந்துபோயிற்று.

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

சார் கண் மேஜை மேலிருந்த செப்புச் சொம்புக்குப் போயிற்று. சினிமாவாக இருந்தால் அதை எடுத்து என்னிடம் நீட்டியிருப்பார். சார் நீட்டவில்லை. மூடி கொஞ்சம் சாய்ந்திருந்தது, அதை நேராக வைத்தார். கொஞ்ச நேரம் அந்த மூடியிலிருந்து கையையே எடுக்கவில்லை. பிறகு, நாளைக்கு நானும் வரேன், சேர்ந்து எடுப்போம் என்றார்.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனோம். அப்படியும் பச்சையம்மாள் எங்கள் தலையைப் பார்த்ததும், இரண்டு நிமிஷம் இருங்க, கெணத்தச் சுத்திக் கோலம் போட்டுடறேன் என்று ஓடினாள். பிடித்து நிறுத்தினேன். சார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தறியைச் சுற்றி, தொங்குகிற சாயநூல்களுக்குக் கீழே குனிந்து குனிந்து போனார். அவர் உயரத்துக்கு அது போதவில்லை. பின்கட்டுக்குப் போய் நிமிர்ந்தபோது தோளில் அரக்கு, முதுகில் மாம்பழ மஞ்சள், திருமண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுக் கிளிப்பச்சை. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. பன்னிரண்டு கிணற்றிலும் தானே வாளியை இறக்கி, தானே இறைத்து, தானே நிரப்பினார். பன்னிரண்டாவது கிணற்றில் மூச்சு வாங்கியது. பச்சையம்மாள் பதறிப்போய்க் குடிக்க ஊற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டாம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்காக அவளும் வருத்தப்படவில்லை, அவர்கள் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

இந்தத் தடவையாவது ஒழுங்காக எழுதுகிறோமா என்று பார்க்கக் கோதண்டத்தை எங்கள் பின்னாலேயே அனுப்பினாள். ஆய்வக மூலையில் கைகட்டி நின்றார். விரல் பத்தும் நகக்கண் வரைக்கும் அரக்குச் சாயம். எனக்கு வெள்ளி நைட்ரேட் பட்டுப் பட்டு விரலெல்லாம் கருப்பு. இரண்டு பேரும் கையைப் பார்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டோம்.

முதல் பாட்டிலுக்குப் பியூரெட் முழுசும் காலியாயிற்று, நிறம் திரும்புகிற வழியைக் காணோம். காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து பத்தில் ஒரு பங்காக்கி, மறுபடி ஆரம்பித்தோம். சார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டு விட்டார். மூலையிலிருந்து கோதண்டம், வந்துடுச்சி சார் என்றார். சாருக்கு இன்னும் மஞ்சள்தான் தெரிந்தது. முப்பது வருஷமாக அந்தக் கண்ணை நம்பியே பிழைப்பு நடத்துகிறவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அப்புறம்தான் அவருக்குச் செங்கல் தெரிந்தது. இரண்டாம் முறையும் கோதண்டம் ஒரு சொட்டு முன்னாலேயே சொன்னார். மூன்றாம் முறை இரண்டு சொட்டு முன்னால். கோதண்டம் சொன்ன இடத்தில் நான் பென்சிலால் குறித்து வந்தேன். அவருடைய மூன்று அளவும் ஒத்துப் போயின. சாருடையது ஒன்று தள்ளி நின்றது.

சார் பியூரெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து கற்கண்டை எடுத்துக் கோதண்டத்துக்குக் கொடுத்து, மீதிப் பதினொன்றுக்கும் பக்கத்தில் நின்று கண் பார்க்கச் சொன்னார். பட்டுக்குக் கலர் கூட்டறவன் சார், ஒரு சொட்டு ஏறினா பொடவையே போச்சு என்று கோதண்டம் கற்கண்டை அதக்கிக்கொண்டே சொன்னார். பன்னிரண்டு கிணறும் பன்னிரண்டு அளவு காட்டின. ஒன்றுகூட ஒத்துப் போகவில்லை. எல்லாமே குடிக்க லாயக்கில்லை என்பதில் மட்டும் ஒத்துப் போயின.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போனோம். பொறியாளர் நல்லவர்தான், ஆனால் கோப்புக்குப் பயந்தவர். ஒரு அறிக்கை உகந்தது என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது, இரண்டிலும் அதே கையெழுத்து. நடுவில் ஒரு காரணம் எழுதியாக வேண்டும். அவரே வழியும் சொன்னார். பொதுமக்கள் ஏமாற்றிப் பொய்த் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு வரி போடுங்கள் சார், உங்களுக்கும் பழி இல்லை, எனக்கும் வேலை முடிந்தது என்றார். அந்த வரி கோப்பில் ஏறினால் ஏமாற்றுக்காரத் தெரு என்று பேர் விழும். மனு, குழாய் எல்லாம் அத்தோடு சரி. அவருக்கே அது தெரியும்.

நான் என் மேல் எழுதிக்கொள்கிறேன் என்று வாயைத் திறப்பதற்குள் சார் பேசினார்.

"அவா ஏமாத்தலை, மரியாதை பண்ணியிருக்கா. அதுக்கு உங்க ஃபாரத்துல கட்டம் இல்லை. தப்பு எங்க பேர்ல இருக்கட்டும்."

அங்கேயே உட்கார்ந்து அவர் கையால் எழுதினார். மாதிரியை ஆய்வாளர் கிணற்றிலிருந்து தானே எடுக்கவில்லை, அது ஒரு தவறு. பன்னிரண்டும் ஒன்றாக வந்தபோது துறைத்தலைவர் சந்தேகப்படாமல் சந்தோஷப்பட்டார், அது அதைவிடப் பெரிய தவறு. பொறியாளர் இந்தச் 'சந்தோஷப்பட்டார்' என்பதை எடுத்துவிடலாமே என்றார். சார் மாட்டேன் என்றுவிட்டார். அப்படியே போயிற்று.

பட்டறைத் தெரு பட்டியலில் ஏறியது. அந்த ஆபீஸ் அதன்பிறகு ரொம்ப நாள் எங்களுக்கு ஒரு பாட்டில்கூட அனுப்பவில்லை. சுற்றுச்சூழல் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தபோது, கோதண்டம்தான் சாயம் அலசின தண்ணீரை ஏதாவது பண்ண முடியுமாம்மா என்று கேட்டு வந்தார். அடுத்த பத்து வருஷம் அந்தத் தண்ணீரைத் தெளிய வைக்கிற தொட்டிகளோடு போயிற்று. நாலு தொட்டி வேலை செய்தது, மூன்று ஒழுகியது.

பட்டியலில் ஏறின குழாய் தெருவுக்குள் வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று. வந்த அன்று பச்சையம்மாள் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். குழாயடியில் மஞ்சள், குங்குமம், தேங்காய், நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காராமல் நேரே போய்க் குழாயைத் திருகி, பாட்டிலை மூன்று முறை அலசி நானே பிடித்தேன். அதற்கப்புறம் அவள் நீட்டின சொம்பை வாங்கிக் குடித்தேன். குடித்த பிறகும் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தேன். என்னாமா, தண்ணி கரிக்குதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

சாருக்கு அது கல்லூரியில் கடைசி வாரம். பாட்டிலை அவர் மேஜையில் வைத்தேன். யார் எடுத்தது என்றார். நான்தான் சார், குழாயிலிருந்து என்றேன். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். மஞ்சளை ஊற்றி, ஒரு கண்ணை மூடி, சொட்டுச் சொட்டாக விட்டார். நாலு புள்ளி இரண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மறுபடி செய்தார், நாலு புள்ளி இரண்டு. மூன்றாம் முறையும் அதேதான். குழாய்க்கு இறைக்கிற இடம் ஓரிக்கைப் பக்கத்து ஆற்று மணல்தானே, கோதண்டம் சைக்கிளில் போய் ஊற்றுத் தோண்டின அதே மணல்.

பழைய அறிக்கையின் நகலை அலமாரியிலிருந்து எடுத்து, புதுத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்தார். தூக்கிப் போடவில்லை, என் உள்ளங்கையில் வைத்தார்.

"எஸ்தர், நம்ம முதல் ரிப்போர்ட்ல தப்பே இல்லை. தண்ணிதான் வர லேட்டாயிடுத்து."